வலது பக்கப் பதக்கங்கள்

ஆல்பெர் ஊருக்கு வெளியே, கேரவன் முகாம்
14 மே 2013

அன்புள்ள டோரீன் அக்காவுக்கு,

நானும் ஹேசலும் உடம்பில் சேதாரம் இல்லாமல் பிரான்சுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். உன் முழங்கால் வலி எப்படி? காதில் வைக்கிற புது மிஷின் பொருந்திவிட்டதா, அல்லது அதுவும் மேஜை டிராயருக்குப் போய்விட்டதா?

நீ வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன பயணம் இது. என் இடுப்பு, பிரெஞ்சுக்காரர்களின் சாப்பாடு, கேரவனின் பழைய சக்கரம் என்று மூன்று காரணம் சொன்னாய். இடுப்பும் சக்கரமும் தாங்குகின்றன. சாப்பாட்டுக்கு ஹேசல் பன்னிரண்டு டின் பீன்ஸ் கொண்டுவந்திருக்கிறாள். நீ பயந்திருக்க வேண்டியது ரவுண்டானாக்களுக்குத்தான். இங்கே எல்லாம் தலைகீழாகச் சுற்றுகிறது. ஒன்றில் நான் நாலு தடவை சுற்றினேன், பின்னால் கேரவனும் சுற்றியது. ஹேசல் வரைபடத்தை மடித்து மடியில் வைத்துவிட்டு, "எதுலயாவது வெளிய போ, ட்ரெவர். எந்த ஊரு வந்தாலும் பரவாயில்ல, எனக்கு டீ வேணும்" என்றாள்.

பெர்ட் சின்னத் தாத்தாவின் இரண்டு பதக்கங்களையும் காலுறைக்குள் சுற்றி, கரண்டி டிராயரில் வைத்திருக்கிறேன். கிளம்புகிற அன்று காலையில்தான் துலக்கினேன். அப்பா 1966இல் தியெப்வால் நினைவுத் தூணில் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துவந்த தாத்தாவின் பெயரையும் சுருட்டி எடுத்துவந்திருக்கிறேன். முதல் உலகப் போரில் உடல் கிடைக்காதவர்கள் எழுபதாயிரம் பேரின் பெயர்கள் அங்கே இருக்கின்றனவாம். எனக்கு ஒன்று போதும். பதக்கங்களைச் சட்டையின் வலது பக்கம் குத்திக்கொண்டுதான் போய் நிற்பேன். தான் போரில் வாங்கியதென்றால் இடது பக்கம், குடும்பத்தில் செத்தவருடையதென்றால் வலது பக்கம் என்று அப்பா எனக்கு ஏழு வயதில் சொல்லிக்கொடுத்தது. அறுபத்தொரு வயதில் முதல் முறையாகத் தாத்தாவைப் பார்க்கப் போகிறேன். நேற்றிரவு தூக்கமே வரவில்லை. பீன்ஸாகவும் இருக்கலாம்.

முகாம் அலுவலக முகவரிக்கே பதில் போடு.

அன்புத் தம்பி,
ட்ரெவர்


கிரிம்ஸ்பி
20 மே 2013

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. ஹேசலின் இரத்த அழுத்த மாத்திரை தீராமல் பார்த்துக்கொள். எனக்கு முழங்கால் மழைக்கு மட்டும் வலிக்கிறது, அதாவது தினமும். மிஷினை மாட்டினால் பக்கத்து வீட்டு நாய் என் சமையலறைக்குள் நின்று குரைப்பதுபோல் கேட்கிறது. கழற்றிவிட்டேன்.

தியெப்வாலுக்கு இப்போதே போக வேண்டுமா? தூணில் ஏதோ பழுதுபார்க்கிறார்கள், சாரம் கட்டியிருக்கிறது என்று எங்கோ படித்தேன். முதலில் பெல்ஜியம் பக்கம் போங்கள். ஹேசலுக்குச் சாக்லேட் பிடிக்கும். அங்கிருந்து நார்மண்டிக் கடற்கரைக்குப் போனால் மணலிலாவது உட்காரலாம். கல்லில் எழுதிய பெயர் எங்கேயும் ஓடிப்போகாது.

தோட்டத்தில் ருபார்ப் இந்த வருஷம் நன்றாக வந்திருக்கிறது. ஜாம் எடுத்துவைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா டோரீன்


முகாம்
27 மே 2013

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கு வெந்நீர்ப் பை வைத்துப் பார். நாங்கள் சுகம் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

உன் பேச்சைக் கேட்காமல் வெள்ளிக்கிழமை தியெப்வாலுக்குப் போனோம். சாரம் ஒன்றும் கட்டவில்லை. எந்தத் தூண், எந்தப் பக்கம் என்று அப்பா காகிதத்தின் மூலையிலேயே குறித்திருக்கிறார். அதே தூணுக்கு எதிரே போய் நின்றேன். படைப்பிரிவின் பெயர் இருக்கிறது. டான்சி இருக்கிறது. டேட்டன்ஹால் இருக்கிறது. நடுவில் நம் டாஸ்கர் இல்லை.

நான் கண்ணாடியைத் துடைத்தேன். ஹேசல் என்னைத் தள்ளிவிட்டு, விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டே போனாள். அப்பாவின் காகிதத்தை விரித்துக் கல்லின் மேல் வைத்தோம். மேலே டான்சி, கீழே டேட்டன்ஹால், இரண்டும் எழுத்துக்கு எழுத்து பொருந்துகின்றன. நடுவில் காகிதத்தில் தாத்தா இருக்கிறார், கல்லில் வெறும் இடம் இருக்கிறது. தடவினால் வழவழவென்று இருக்கிறது.

அந்த வெற்றிடத்துக்கு எதிரே நான் பதக்கத்தோடு நின்றுகொண்டிருந்தேன். பின்னால் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். கழற்றுவதா வேண்டாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

ஒருவர் பெயரை எதற்கு எடுப்பார்கள்? ஏதாவது தப்புச் செய்தாரா? முகாமில் அடுத்த கேரவன்காரர் ஒரு வேல்ஸ்காரர், எல்லாம் தெரிந்தவர்போல் பேசுகிறவர். மழையில் அரித்திருக்கும் என்கிறார். எழுபதாயிரம் பேரில் ஒருவரை மட்டும் தேடிப்பிடித்தா மழை அரிக்கும்? அப்பா உன்னிடம் எப்போதாவது ஏதாவது சொன்னாரா? மறைக்காமல் எழுது.

தம்பி,
ட்ரெவர்


கிரிம்ஸ்பி
4 ஜூன் 2013

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

பழைய கல்லுக்கு என்ன வேண்டுமானாலும் ஆகும். அதை நினைத்து விடுமுறையைக் கெடுத்துக்கொள்ளாதே. பெர்ட் தாத்தா ஒரு தப்பும் செய்யவில்லை, அது நிச்சயம். போதும், வீட்டுக்குத் திரும்பி வாருங்கள். உங்கள் வீட்டுப் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருக்கும்.

ருபார்ப் ஜாம் ஆறு பாட்டில் வந்தது. ஒன்று தீய்ந்துவிட்டது. எனக்கு இப்போதெல்லாம் எதிலும் கவனம் நிற்பதில்லை.

டோரீன்


முகாம்
15 ஜூன் 2013

அன்புள்ள அக்காவுக்கு,

ஜாம் தீய்ந்தது பரவாயில்லை. எனக்குத் தலையே தீய்ந்துவிடும்போல் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வியாழக்கிழமை மறுபடியும் தியெப்வாலுக்குப் போய், அங்கே தகவல் மேஜையில் இருந்த அம்மாளிடம் சண்டை போடத் தயாராக நின்றேன். அவர் கணினியில் பார்த்துவிட்டுச் சிரித்தார். பெயரை எடுப்பது அவமானமில்லையாம். காணாமல் போனவரின் எலும்பு கிடைத்து, இன்னார் என்று உறுதியாகி, தனிக் கல்லறை கட்டினால், தூணிலிருந்து பெயரை எடுத்துவிடுவது வழக்கமாம். "உங்க தாத்தா கிடைச்சுட்டாருங்க" என்றார். பதினாறு கிலோமீட்டர் தள்ளி உள்ள ஒரு சின்னக் கல்லறைத் தோட்டத்தின் பெயரை எழுதிக்கொடுத்தார்.

அங்கே போய்ச் சேர்ந்தபோது ஹேசல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோதுமை வயல் நடுவே நாற்பது ஐம்பது கல்லறைகள். கடைசி வரிசையில் ஒன்று மட்டும் புத்தம் புது வெள்ளை. ஹெர்பர்ட் டாஸ்கர், வயது இருபது. குடும்பத்தார் விரும்பினால் கல்லின் அடியில் ஒரு வரி பொறித்துத் தருவார்களாமே, அதுவும் இருந்தது.

உன் பதக்கங்கள் இன்றும் பளபளக்கின்றன.

அதை நாலு தடவை படித்தேன். பதக்கம் என் வீட்டில் இருக்கிறது. ஐம்பத்து நாலு வருஷமாகத் துலக்குகிறவன் நான். நான் எழுதிக்கொடுக்காமல் இதை எழுதியது யார்?

வாசல் பக்கத்தில் சுவருக்குள் ஒரு சின்னக் கதவு, அதற்குள் வருகிறவர்கள் கையெழுத்துப் போடுகிற புத்தகம். அந்த மூலைக்கு யாரும் அதிகம் வருவதில்லை, நாலைந்து பக்கம் புரட்டியதுமே 2011 வந்துவிட்டது. செப்டம்பர் 14. டோரீன் டாஸ்கர், கிரிம்ஸ்பி. அதற்குக் கீழே ட்ரெவர் டாஸ்கர், லெஸ்டர்.

அக்கா, 2011இல் நான் பிரான்சுக்கு வரவே இல்லை. அந்தச் செப்டம்பரில் கொல்லைப்புறக் கொட்டகைக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ட்ரெவரும் உன் கையெழுத்துத்தான். ட-வுக்கு வால் இழுக்கிறவள் நம் குடும்பத்தில் நீ ஒருத்திதான்.

தாத்தாவை அடக்கம் செய்திருக்கிறார்கள். நீ வந்திருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் உனக்கு என்ன செய்தேன்?

ட்ரெவர்


லெஸ்டர்
5 ஜூலை 2013

அக்காவுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டோம். மூன்று வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. போன் அடித்தால் உனக்குக் கேட்காது என்று தெரியும், இருந்தாலும் ஏழு தடவை அடித்தேன். உடம்புக்கு ஏதாவது என்றால் அதையாவது எழுது. அடுத்த சனிக்கிழமை வரை பார்த்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

ட்ரெவர்


கிரிம்ஸ்பி
9 ஜூலை 2013

அன்புள்ள தம்பிக்கு,

வராதே. முகத்தைப் பார்த்தால் எனக்குச் சொல்ல வராது. எழுதினால்தான் வரும். இது ஐந்தாவது தாள், நாலைக் கிழித்துவிட்டேன். ஹேசலைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படி.

2010இல் இராணுவ அலுவலகத்திலிருந்து மூத்தவள் என்று எனக்குக் கடிதம் வந்தது. வயலில் குழாய் பதிக்கத் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன, சட்டைப் பொத்தான் தாத்தாவின் படைப்பிரிவைச் சேர்ந்தது, ஆண் வழியில் வந்த உறவினர் ஒருவரின் எச்சில் மாதிரி வேண்டும் என்று. ஆண் வழி என்றால் நீ. உன் அறுபதாவது பிறந்தநாளுக்கு இதைவிட நல்ல பரிசு கிடைக்குமா என்று நினைத்தேன். முடிகிறவரை உனக்குத் தெரியக் கூடாது என்று முட்டாள்தனமாக ஆசைப்பட்டேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு உன் கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியால் தேய்த்தேனே, என் காது நோய் பரம்பரை நோயா என்று டாக்டர் பார்க்கிறார் என்று சொல்லி? அதுதான் இது. ஒப்புதல் தாளில் உன் கையெழுத்தைப் போட்டதும் நான்தான். ஒப்பிட்டுப் பார்க்க என் எச்சிலையும் சேர்த்து அனுப்பினேன்.

மார்ச்சில் ஓர் அதிகாரி போன் செய்தார். எனக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொல்லுங்கள் என்றேன். கடைசியில் அந்த மனிதர் கத்தியே சொல்ல வேண்டியிருந்தது: "உங்க தம்பி உங்க அப்பா வழி இல்லைங்க, அம்மா." இதை மூன்று தடவை சொல்லவைத்தேன், தம்பி. மூன்றாவது தடவை கேட்டுவிட்டது.

அப்புறம் கனடாவில் இருக்கிற ஒன்றுவிட்ட அண்ணன் கார்டனின் மாதிரியை அனுப்பினேன். பொருந்தியது. அது பெர்ட் தாத்தாதான்.

அடக்கத்துக்கு உன்னைக் கூப்பிட்டால் கார்டனின் எச்சில் எதற்கு, உன்னுடையது ஏன் ஆகவில்லை என்று யாராவது பேச்சை எடுப்பார்கள். அந்த இடத்தில், அந்தப் பதக்கங்களோடு நீ நின்று அதைக் கேட்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தனியாகப் போனேன். ஆறு சிப்பாய்கள் பெட்டியைத் தூக்கினார்கள். ஒரு சிப்பாய் ஊதுகுழல் ஊதினான், அது எனக்கே கேட்டது. கல்லுக்கு ஒரு வரி கேட்டார்கள், உன்னைத் தவிர எனக்கு எதுவும் தோன்றவில்லை. புத்தகத்தில் உன் பெயரை எழுதாமல் வாசலைத் தாண்ட எனக்குக் கால் வரவில்லை.

உன்னைப் பெற்ற அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியாது. அம்மா கடைசிவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் செய்தது தப்பு. எப்படிச் செய்திருந்தால் சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அக்கா


லெஸ்டர்
30 ஆகஸ்ட் 2013

டோரீனுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இத்துடன் பதிவுத் தபாலில் பெர்ட் டாஸ்கரின் இரண்டு பதக்கங்கள் இருக்கின்றன. அவை உனக்கும் கார்டனுக்கும் சேர வேண்டியவை.

ஏழு வாரமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் ஒருவன் நிற்கிறான், யாரென்று தெரியவில்லை. அப்பாவின் காது எனக்கு அப்படியே வந்திருக்கிறது என்று ஊரே சொல்லும். அதை ஹேசலிடம் சொன்னேன். "காது எல்லாருக்கும் ரெண்டுதான் இருக்கு, விடு" என்கிறாள். அவளுக்குச் சுலபம்.

உன்மேல் எனக்குக் கோபமா என்றுகூடத் தெரியவில்லை. அம்மாமேல் கோபப்படலாம் என்றால் அவள் செத்து இருபது வருஷம் ஆகப்போகிறது. பாவம், அப்பாவுக்குத் தெரியாமலே போய்ச் சேர்ந்தார். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. யாரோ ஒருவனின் பிள்ளையைத் தன் பிள்ளை என்று நம்பி, பாலிஷ் டப்பாவைக் கையில் கொடுத்தாரே. நானும் வருஷா வருஷம் நவம்பரில் ஊர் நினைவுத் தூணுக்கு முன்னால் வலது பக்கம் குத்திக்கொண்டு நின்றேனே. தெரிந்த பிறகும் நின்றால் அது வேஷம்.

ட்ரெவர்


கிரிம்ஸ்பி
27 அக்டோபர் 2013

அன்புள்ள தம்பிக்கு,

நீ அக்கா என்று எழுதாவிட்டாலும் நான் தம்பி என்றுதான் எழுதுவேன். எனக்கு அந்தப் பழக்கம்தான் இருக்கிறது.

அப்பாவுக்குத் தெரியாது என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பழசு ஒன்று ஞாபகம் வந்தது. அதை எழுதலாமா, எழுதினால் உனக்கு இன்னும் வலிக்குமா என்று யோசித்ததில் இத்தனை நாள் ஓடிவிட்டது.

அப்பாவைக் கொரியாவுக்குக் கூப்பிட்டது 1950 ஆகஸ்டில். திரும்பி வந்தது 1951 அக்டோபரில். நடுவில் ஒரு நாள்கூட வீட்டுக்கு வரவில்லை. நீ பிறந்தது அந்த நவம்பரில். எனக்கு ஆறு வயது. அப்பா சமையலறைக் கதவைத் திறந்தார். அம்மா அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள், மாசமாக இருந்த அவள் வயிற்றை யாரும் பார்க்காமல் இருக்க முடியாது. அப்பா பையைக் கீழே போட்டுவிட்டு, கோட்டுகூடக் கழற்றாமல் மேஜை முன்னால் உட்கார்ந்தார். கெட்டில் கொதித்து மூடி ஆடியது, யாரும் எடுக்கவில்லை. நான் மேஜைக்கு அடியில் இருந்து அவருடைய பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரமோ. அப்புறம் எழுந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "கரி தீர்ந்துபோச்சே. நான் போய் அள்ளிட்டு வரேன்" என்றார்.

அவ்வளவுதான். கோட்டைப் பற்றித்தான் நான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன், புதுப் பித்தளைப் பொத்தான். அப்பாவுக்கு மாதம் எண்ணத் தெரியும், தம்பி. தெரிந்துதான் மாட்டினார்.

இன்னொன்றும் சொல்கிறேன். பதக்கம் மூத்தவள் எனக்குத்தான் வரும் என்று பதின்மூன்று வயதில் நான் காத்திருந்தேன். அதை உனக்குக் கொடுத்தபோது அழுது சண்டை போட்டேன். அப்பா என்னைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்: "நீ எப்படியும் டாஸ்கர்தான்மா. அவனுக்கு நான்தான் கையால எடுத்துக் குடுக்கணும்." அப்போது எனக்குப் புரியவில்லை. ஓரவஞ்சனை என்று நினைத்தேன். அறுபத்தெட்டு வயதில்தான் புரிகிறது.

பதக்கங்களைத் திருப்பி அனுப்புகிறேன். போன மாதம் அவற்றைத் துலக்கிப் பார்த்தேன். எனக்கு விரல் மடங்கவில்லை, நாடாவெல்லாம் பாலிஷ் ஈஷிவிட்டது, பதக்கம் முன்பைவிடக் கறுத்துவிட்டது. பளபளக்கின்றன என்று அங்கே பொறித்திருக்கிறேன். என்னைக் கல்லில் பொய் எழுதியவளாக ஆக்கிவிடாதே.

அக்கா


லெஸ்டர்
10 நவம்பர் 2013, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் விரல் எப்படி இருக்கிறது? டாக்டரிடம் காட்டு. ஹேசலும் நானும் சுகம்.

நாடாவை என்ன பாடு படுத்தியிருக்கிறாய். புது நாடாதான் வாங்க வேண்டியிருந்தது. பதக்கம் பழையபடி ஆக மூன்று நாள் பிடித்தது. இந்தத் தாளில் கறுப்பாக விரல் தடம் தெரிந்தால் அது பாலிஷ், நான் அழுதேன் என்று நினைக்காதே. அழுதேன்தான், அது வேறு நேரத்தில்.

இன்று காலை வரை ஊர் நினைவுத் தூணுக்குப் போவதா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நின்றுகொண்டே இருந்தேன். ஹேசல் வந்து பதக்கத்தை எடுத்து என் கையில் வைத்து, "எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். அப்பா சொல்லிக்கொடுத்த பக்கம் என்றேன். குத்திவிட்டாள். பதினொரு மணிக்கு எல்லாரோடும் இரண்டு நிமிஷம் பேசாமல் நின்றேன். எப்போதும் பெர்ட் தாத்தாவை நினைப்பேன். இன்று முழுக்க அப்பா ஞாபகம், அந்தக் கரி வாளியோடு.

எனக்குக் குழப்பம் தீரவில்லை. அந்த ஆள் யார் என்று நாளைக்கு மறுபடியும் யோசிப்பேன். ஆனால் வருகிற மே மாதம் கேரவனில் மூன்றாவது படுக்கையை விரிக்கப்போகிறோம், நீ வருகிறாய். முழங்காலைக் காரணம் சொல்லாதே. ரவுண்டானாவில் நீதான் வழி சொல்ல வேண்டும், உனக்கு ஹார்ன் சத்தம் கேட்காது என்பதால். அந்தப் புத்தகத்தில் ட-வுக்கு வால் இழுத்து என் பெயரைக் கெடுத்துவைத்திருக்கிறாய். அதற்குக் கீழே நானே ஒரு தடவை ஒழுங்காக எழுத வேண்டும்.

உன் தம்பி,
ட்ரெவர் டாஸ்கர்